பிரேசில் ஆன்சைட் போன கதை: 2013 பெண்கள் ஹேண்ட்பால் உலக சாம்பியன்ஷிப்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உள்ளரங்கில் ஆடும் பெண்கள் ஹேண்ட்பால் உலக சாம்பியன்ஷிப் 1957-ல் யூகோஸ்லாவியாவில் தொடங்கியது. 2023 வரைக்கும் 26 தடவை நடந்திருக்கிறது. தடவைக்கு மூன்று பதக்கம் என்றால் மொத்தம் 78. இதில் ஐரோப்பாவுக்கு வெளியே போனவை எத்தனை என்று ஒரு ஷீட்டில் போட்டு எண்ணிப் பார்த்தேன். (சோவியத் யூனியனை ஐரோப்பா கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.) மூணே மூணு. 1995-ல் தென் கொரியாவுக்குத் தங்கம், 2003-ல் மறுபடி கொரியாவுக்கு வெண்கலம், 2013-ல் பிரேசிலுக்குத் தங்கம். மீதி 75-ம் ஐரோப்பாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

பெயரில் 'உலக' என்று இருக்கிற ஒரு போட்டிக்கு இது ரொம்ப விசித்திரமான கணக்கு. அதனால் அந்த மூன்றில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது, அதைப் பற்றி எழுதியவர்கள் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். நம் பேப்பர்களில் 'கைப்பந்து' என்று வந்தால் பெரும்பாலும் அது வாலிபால். அதனால் இந்த ஆட்டத்துக்கு நான் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள தரை. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஏழு பேர். 30 நிமிஷம் கொண்ட இரண்டு பாதி. கோலைச் சுற்றி ஆறு மீட்டர் தூரத்தில் ஒரு வளைகோடு உண்டு. அந்தக் கோட்டுக்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிய வேண்டும், அல்லது வெளியிலிருந்து எகிறிக் காற்றில் இருக்கும்போதே எறிந்துவிட வேண்டும். இந்த ஆறு மீட்டர் கோடு இனி அடிக்கடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 2013. போட்டியை நடத்தியது செர்பியா. டிசம்பர் 22-ம் தேதி பெல்கிரேடில் இறுதி ஆட்டம். உள்ளே பத்தொன்பதாயிரத்துக்கும் மேல் ஜனம். பெண்கள் ஹேண்ட்பாலுக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. அத்தனை பேரும் செர்பியாவுக்குக் கத்துகிறார்கள். செர்பியா சும்மா வந்த அணியும் இல்லை, காலிறுதியில் நார்வேயையே வெளியே அனுப்பிவிட்டு வந்திருந்தது. எதிரில் பிரேசில். அதற்கு முன் உலக அளவில் ஒரு பதக்கம்கூட எடுக்காத அணி. முடிவு 22-20, பிரேசில் ஜெயித்தது. போட்டி முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட அவர்கள் தோற்கவில்லை.

மறுநாள் எழுதப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் இரண்டு. ஒன்று 'அதிசயம்', அல்லது அதன் ஒன்றுவிட்ட தம்பியான 'தேவதைக் கதை'. இன்னொன்று 'சம்பா'. பிரேசில் எந்த விளையாட்டில் ஜெயித்தாலும் யாராவது ஒருவர் சம்பாவை இழுத்து வந்துவிடுவார். செஸ்ஸில் ஜெயித்தாலும் குதிரை சம்பா ஆடியது என்று எழுதுவார்கள் போல.

இந்த இரண்டு சொல்லுமே தப்பு என்பதுதான் என் வாதம். சம்பாவை முதலில் பார்ப்போம்.

ஸ்கோர்களைப் பாருங்கள். இறுதியில் பிரேசில் விட்ட கோல் 20. டென்மார்க்கோடு அந்தப் போட்டியில் இரண்டு தடவை மோதினார்கள். குழுச் சுற்றில் 23-18, அரையிறுதியில் 27-21. டென்மார்க் கடைசியில் வெண்கலம் வாங்கிய அணி, அதை 18-க்கும் 21-க்கும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். நன்றாக ஆடும் இரண்டு அணிகள் மோதினால் ஒரு பக்கம் 25, 28 கோல் விழுவது சர்வசாதாரணம். கொஞ்சம் தளர்ந்தது ஹங்கேரியோடு ஆடிய காலிறுதி மட்டும்தான். அது 33-31, ஆனால் இரண்டு கூடுதல் நேரம் தாண்டி, அதாவது 80 நிமிஷ ஆட்டம். இந்த எண்களில் நடனம் எங்கே இருக்கிறது? இது சுவர் கட்டி ஜெயித்த அணி. அந்தப் போட்டியின் சிறந்த கோல்கீப்பர் பிரேசிலின் பார்பரா அரென்ஹார்ட். சிறந்த ஆட்டக்காரர் எடுவார்டா அமோரிம். அமோரிம் கோலும் போடுவார்தான், ஆனால் அவர் பெயர் வாங்கியதே டிஃபென்ஸின் நடுவில் நின்று.

இப்போது அந்த ஆறு மீட்டர் கோட்டுக்கு வாருங்கள். ஹேண்ட்பால் டிஃபென்ஸை டிவியில் பார்த்தால் ஆறு பேர் கோட்டைச் சுற்றிக் கையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிற மாதிரிதான் தெரியும். பார்க்க ரொம்ப போர். உள்ளே நடப்பது வேறு. பந்து இடமிருந்து வலம் போகும்போது ஆறு பேரும் ஒன்றாக நகர வேண்டும். எறிய வருகிறவரை மறிக்க ஒருவர் முன்னே இறங்கினால், அவர் விட்ட ஓட்டையைப் பக்கத்தில் இருப்பவர் அந்த நொடியே அடைக்க வேண்டும். இதற்கிடையில் எதிரணியின் பிவட், அதாவது நம் சுவருக்கு உள்ளேயே வந்து முதுகைக் காட்டி நிற்கும் ஆள், ஒருவரின் பிடியிலிருந்து நழுவி அடுத்தவரின் பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார். அவரை ஒருவர் விட்டு இன்னொருவர் பிடிக்க வேண்டும். பேச நேரம் இருக்காது. 'விட்டுட்டேன், நீ பிடி' என்பதை முழங்கையால் ஒரு இடி இடித்துச் சொல்வார்கள். இதற்குப் பின்னால் கோல்கீப்பர் வேறு. சுவர் எந்தப் பக்கத்தை மறைக்கும், எந்தப் பக்கத்தைத் தனக்கு விடும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தனித்திறமை இருந்தால் கோல் போட்டுவிடலாம். இந்தச் சுவர் தனித்திறமையில் வராது. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் அதே ஆட்களோடு தினமும் நின்றால்தான் வரும். ஒரு கிளப் அணிக்கு அந்த நேரம் கிடைக்கும், ஏனென்றால் தினமும் ஒரே அரங்கில் பயிற்சி. தேசிய அணிக்கு? வருஷத்தில் சில வாரம்.

ஐரோப்பிய நாடுகளுக்கு இந்தக் குறை அவ்வளவு உறைக்காது. அவர்களுடைய ஆட்டக்காரர்கள் குளிர்காலம் முழுக்க கிளப் போட்டிகளில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதற்கு மேல், 1994-லிருந்து இரட்டைப்படை வருஷங்களில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப், ஒற்றைப்படை வருஷங்களில் உலக சாம்பியன்ஷிப். அதாவது ஒவ்வொரு வருஷமும் தேசிய அணிக்கு உச்சக் கட்டப் பரீட்சை ஒன்று உண்டு. பிரேசிலுக்கு அந்த இடத்தில் இருந்தது அமெரிக்கக் கண்டத்துப் போட்டி. அதில் பெரும்பாலும் சுலபமாக ஜெயிப்பார்கள். சுலபமான பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டு கஷ்டமான பரீட்சைக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன.

இந்த இடத்தில்தான் 'அதிசயம்' என்ற சொல் எதை மறைக்கிறது என்று தெரிய வரும். பிரேசில் கூட்டமைப்பு 2011-ல் ஒரு வேலை பண்ணியது. வியன்னாவுக்குத் தெற்கே ஹைப்போ நீடர்ஆஸ்திரியா என்று ஒரு கிளப். எண்பதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையை எட்டு தடவை தூக்கிய கிளப், ஆனால் 2010 வாக்கில் அந்தப் பழைய பவுசு போய்விட்டிருந்தது. அதோடு பிரேசில் ஒப்பந்தம் போட்டது. தேசிய அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் மொத்தமாக அங்கே போய் ஆடினார்கள். தேசிய அணியின் பயிற்சியாளரான மோர்டன் சோபாக் என்ற டென்மார்க்காரரே கிளப்பையும் நடத்தினார். கோல்கீப்பர் அரென்ஹார்ட், வலது ஓரத்தில் அலெக்ஸாண்ட்ரா டோ நாசிமென்டோ, பிவட்டாக ஃபாபியானா டினிஸ், நடுவில் ஆட்டத்தை ஓட்டுகிற ஆனா பவுலா என்று முதுகெலும்பு முழுக்க ஒரே கூரையின் கீழ். 2013-ல் அந்த கிளப் ஐரோப்பியக் கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையையும் வாங்கியது. பேருக்கு ஆஸ்திரிய கிளப், ஆனால் களத்தில் ஓடியது பாதி பிரேசில்.

ஐடியில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மொத்த டீமையும் கிளையன்ட் ஊருக்கு ஆன்சைட் அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் உட்பட.

முன்கதையையும் சேர்த்துப் பார்த்தால் 'திடீர்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 2011 உலக சாம்பியன்ஷிப் பிரேசிலிலேயே நடந்தது. காலிறுதியில் ஸ்பெயினிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள், கடைசியில் ஐந்தாம் இடம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் குழுவில் முதலிடம், காலிறுதியில் நார்வேயிடம் 19-21. அந்த நார்வேதான் பிறகு தங்கம் வாங்கியது. 2012-க்கான உலகின் சிறந்த வீராங்கனை விருதும் டோ நாசிமென்டோவுக்குத்தான் போனது. படிப்படியாக ஏறி வந்த அணி, ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் இடைவெளியில் விட்டது, மூன்றாம் தடவை பிடித்துவிட்டது. ஸ்கோர் பட்டியலை யாராவது பத்து நிமிஷம் பார்த்திருந்தால் 'அதிசயம்' என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

அந்த அணியில் அதிசயம் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் டானியெலா பியடாடேயைச் சொல்வேன். 2012-ல் ஸ்லோவேனியாவில் ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. முப்பத்துச் சொச்சம் வயதில். ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த வருஷம் அவர் உலகச் சாம்பியன் அணியில் இருந்தார்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லலாம், அது நியாயமானதும்கூட. போட்டியின் சிறந்த ஆட்டக்காரரான அமோரிம் ஹைப்போவில் ஆடவில்லை. அவர் ஹங்கேரியின் ஜியோர் கிளப்பில் இருந்தார், அந்த கிளப் 2013-ல்தான் முதல் தடவையாக சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அப்படியென்றால் 'ஒரே கிளப்' என்ற விளக்கம் ஓட்டையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சுவரில் நான்கு செங்கல் ஏற்கனவே ஒட்டியிருந்தால், ஐந்தாவதாக வருகிற நல்ல செங்கல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆறுமே உதிரியாக வந்தால்தான் சிக்கல். அதோடு அமோரிமும் அந்தப் பட்டறையில் தேறியவர்தான், அதாவது தினமும் உச்சத்தில் நடக்கும் ஐரோப்பிய கிளப் ஹேண்ட்பாலில்.

இன்னொரு சான்று பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. 1995-ல் தங்கம் வாங்கிய கொரியா யாரிடமும் ஆட்களை அனுப்பவில்லை. அவர்கள் வழி வேறு. சியோலில் தேரங் என்ற இடத்தில் அரசின் தேசியப் பயிற்சி முகாம் இருந்தது. தேசிய அணிகள் அங்கேயே தங்கி, தின்று, தூங்கி, நீண்ட காலம் சேர்ந்து பயிற்சி எடுப்பார்கள். 1988, 1992 ஒலிம்பிக் தங்கங்களும் அப்படி வந்தவைதான். 2004 ஏதென்ஸ் இறுதியில் டென்மார்க்கோடு இரண்டு கூடுதல் நேரம் முடிந்தும் 34-34 என்று நின்று, கடைசியில் செவன் மீட்டர் ஷூட்-அவுட்டில் தோற்ற அணியைப் பற்றி 2008-ல் ஒரு கொரியப் படமே வந்தது. (நம் ஊரில் கொரியப் படம் என்றால் சுத்தியல், ரத்தம் என்று மட்டும் தேடுகிறவர்கள் இதையும் பார்க்கலாம்.) முகாம் என்று சொன்னாலும் நடந்தது அதே காரியம். தேசிய அணியை ஒரு கிளப்பாக மாற்றுவது. ஐரோப்பாவுக்கு வெளியே போன இரண்டு தங்கத்துக்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே சூத்திரம். ஒருவர் வீட்டிலேயே பண்ணினார், இன்னொருவர் வெளியூரில் வாடகைக்கு இடம் பிடித்துப் பண்ணினார்.

ஆண்கள் பக்கம் கத்தார் இன்னொரு வழி காட்டியது. 2015-ல் தங்கள் ஊரிலேயே நடந்த போட்டியில், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலருக்குக் குடியுரிமை கொடுத்து ஆடவைத்து வெள்ளி வாங்கினார்கள். விதிகளுக்கு உட்பட்டதுதான். ஆனாலும் பிரேசில் செய்ததையும் அதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பெல்கிரேடில் ஜெயித்த பெண்கள் பிரேசிலின் பள்ளிக்கூட மைதானங்களில் இந்த ஆட்டத்தைக் கற்றவர்கள். (வேடிக்கை என்னவென்றால் ஹைப்போவுக்குக் கத்தார் வேலையும் பழக்கம்தான். 1999-ல் ஆஸ்திரியா உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியபோது அந்த அணியின் நட்சத்திரம் லித்துவேனியாவிலிருந்து வந்த ஆஸ்ரா ஃப்ரிட்ரிகாஸ், ஹைப்போ ஆட்டக்காரர். ஒரே கிளப் இரண்டு நாடுகளுக்குத் தேசிய அணி கட்டிக் கொடுத்திருக்கிறது.)

இதுவரை பாராட்டிவிட்டேன். இனி என் புகார்.

ஆன்சைட் போனவர்கள் திரும்பி வந்த பிறகு என்ன ஆயிற்று? 2015-ல் நடப்புச் சாம்பியனாகப் போன பிரேசில், நாக்-அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே ருமேனியாவிடம் தோற்று வெளியே வந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ், சொந்த ஊர், சொந்த ஜனம், காலிறுதியில் நெதர்லாந்திடம் பெரிய தோல்வி. 2017-லும் 2019-லும் முதல் பதினாறு இடத்துக்குள்ளேயே வரவில்லை. 2021-ல் ஆறாம் இடம் என்று கொஞ்சம் நிமிர்ந்தார்கள். ஆனால் 2013-க்குப் பிறகு 2023 வரை ஒரு அரையிறுதிகூட இல்லை. ஹைப்போவோடு இருந்த ஏற்பாடு தங்கம் வந்த கொஞ்ச காலத்திலேயே முடிந்துபோனது.

தலைமுறை மாறும்போது எந்த அணியும் சரியும், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. அந்த இரண்டு மூன்று வருஷத்தில் ஆஸ்திரியாவில் சேர்ந்த அறிவு எங்கே தங்கியது? ஆட்டக்காரர்களின் உடம்பில் தங்கியது. அவர்கள் அப்படியே ருமேனியா, ஹங்கேரி என்று மற்ற ஐரோப்பிய கிளப்களுக்குப் போய்விட்டார்கள். சாவ் பாவ்லோவிலோ சாண்டோஸிலோ ஒரு பதினேழு வயசுப் பெண் போய்ச் சேர்ந்து, அந்தச் சுவரில் தினமும் நிற்கும்படியான ஒரு கிளப் உருவாகவில்லை. திறமை இருந்தால் விமானம் ஏறு என்பதுதான் இன்றைக்கும் அவளுக்கான பதில். நம் பாஷையில் சொன்னால், ப்ராஜெக்ட் டெலிவரி ஆனது, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் நடக்கவில்லை.

பயிற்சியாளர் ஒருவர் போதும் என்று நினைப்பவர்களுக்கு: சோபாக் பிறகு அங்கோலாவுக்குப் போய் அந்த அணியையும் நடத்தினார். பதக்கம் வரவில்லை. இத்தனைக்கும் அங்கோலா ஒரு விஷயத்தில் பிரேசிலைவிட மேல். ஆப்பிரிக்காவில் அவர்களை அடிக்க ஆளில்லை. லுவாண்டாவில் பெட்ரோ அட்லெட்டிகோ, பிரிமெய்ரோ டி அகோஸ்டோ என்று இரண்டு பலமான கிளப்கள் வீட்டிலேயே இருக்கின்றன. தேசிய அணியின் பெரும்பகுதி பல காலமாக அங்கிருந்துதான் வந்தது. வீடு இருக்கிறது, ஆனால் மோதுவதற்கு எதிராளி பக்கத்தில் இல்லை. உலக சாம்பியன்ஷிப்பில் அவர்கள் எட்டிய உயரம் 2007-ல் ஏழாம் இடம். பிரேசிலுக்கு எதிராளி கிடைத்தான், வீடு கிடைக்கவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வாய்த்த நாடு ஐரோப்பாவுக்கு வெளியே எதுவும் என் ஷீட்டில் இல்லை.

இதற்குச் சர்வதேச கூட்டமைப்பின் பதில் என்ன? 2021-லிருந்து அணிகளின் எண்ணிக்கையை 24-லிருந்து 32 ஆக்கினார்கள். உலகம் முழுவதும் ஆட வாய்ப்பு என்று அதற்கு விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே 2021-ல் ஸ்பெயினில் நார்வேயும் ஈரானும் மோதிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் 41-9. அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற அணியின் கோல்கீப்பர் ஃபாத்தெமே கலீலி பெஹ்ஃபாருக்குக் கிடைத்தது. பேரைக் கூப்பிட்டதும் அவர் அழுதுவிட்டார், நார்வே ஆட்டக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த வீடியோ எல்லா இடத்திலும் சுற்றியது. பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த வீடியோவைக் கூட்டமைப்பு தன் வெற்றியாக எண்ணிக்கொண்டால் அது கொஞ்சம் ஓவர். 41 கோல் வாங்கிய ஒரு கோல்கீப்பர் அன்றைக்கு எத்தனை தடுத்திருந்தால் அந்த விருது வந்திருக்கும் என்று யோசியுங்கள். அவருக்கு முன்னால் நின்ற சுவருக்கு எத்தனை நாள் சேர்ந்து நிற்க வாய்ப்பு கிடைத்திருக்கும்? எட்டு இடத்தைக் கூட்டியதால் அவருக்கு டிக்கெட் கிடைத்தது. அடுத்த டிசம்பர் வரைக்கும் அவர் யாரோடு, எந்த அரங்கில், யாருக்கு எதிராக ஆடுவார் என்பதற்கு அந்த எட்டு இடத்தில் பதில் இல்லை. நம் கதையும் அதேதான். 2024 டிசம்பரில் ஆசிய சாம்பியன்ஷிப் டெல்லியிலேயே நடந்தது. உலகப் போட்டிக்கு வழி அதுதான். ஜப்பான் இறுதியில் கொரியாவை ஒரு கோலில் ஜெயித்தது, இந்தியா தகுதி பெறவில்லை. இன்னும் எட்டு இடம் கூட்டி ஒருநாள் நாமும் உள்ளே போகலாம். போய் 41 வாங்கலாம்.

கூட்டமைப்பு நிஜமாகவே உலகக் கணக்கை மாற்ற நினைத்தால், 2011-ல் பிரேசில் தன் கைக்காசில் பண்ணியதைத்தான் திருப்பிப் போட்டுப் பண்ண வேண்டும் என்று நினைக்கிறேன். அணிகளை ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, பலமான ஐரோப்பிய கிளப்கள் வருஷத்தில் ஒரு மாசமாவது லுவாண்டாவிலும் சாவ் பாவ்லோவிலும் வந்து ஆடும்படி ஒரு போட்டி. கிளப்களின் அட்டவணை ஏற்கனவே பிதுங்குகிறது, ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பீர்கள். இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும், 32 என்ற எண்ணைக் காட்டிப் பேச வேண்டாம்.

2013 இறுதி ஆட்டம் உங்களுக்கு முழுசாக எங்காவது கிடைத்தால், ஒரு கோரிக்கை. பந்தைப் பார்க்காதீர்கள். செர்பியா தாக்கும்போது பிரேசிலின் நடுவில் நிற்கும் இரண்டு பேரின் முழங்கையை மட்டும் ஒரு பத்து நிமிஷம் பாருங்கள்.